குட்டி எலிகளை விட்டுவிட்டு எழுதச் சொன்னார்கள்

நேற்று காட்டூரில் என் அண்ணன் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். குழந்தைக்கு இன்னும் பேர்கூட வைக்கவில்லை. அறைக் கதவைத் திறந்ததுமே அந்த வாசனை மூக்கில் ஏறியது. பூ வாசனை மாதிரி ஆரம்பித்துத் தொண்டையின் அடியில் எரிச்சலாய் முடிகிற வாசனை. ஜன்னல் சாத்தியிருந்தது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. தொட்டிலை ஒட்டிய சுவரில் கொசு லிக்விட் மெஷின் சின்னச் சிவப்பு விளக்கோடு எரிந்துகொண்டிருந்தது.

நான் யாரையும் எதுவும் கேட்கவில்லை. ஸ்விட்சை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்தேன்.

"என்னங்க இப்படித் தெறந்து விட்டுட்டீங்க? பக்கத்துத் தெருவுல டெங்குங்க" என்றார் அவளுடைய மாமியார். துறையூர்க்காரர், நல்ல மனுஷி.

"டெங்கு வரும்தான். கொசுவலை கட்டுங்க, நானே வாங்கிட்டு வரேன். இதைப் போட்டே ஆகணும்னா குழந்தையை வேற ரூமுக்குத் தூக்கிட்டுப் போயிடுங்க. அணைச்சு, நல்லாக் காத்து வந்தப்புறம் கொண்டு வாங்க."

"டாக்டர் ஒண்ணும் சொல்லலீங்களே?"

"டாக்டர் சொல்லல. நான் சொல்றேன்."

சொன்ன பிறகுதான் என் குரலில் இருந்த கடுமை எனக்கே கேட்டது. அதை யாரிடமிருந்து பிடித்துக்கொண்டேன் என்று பஸ்ஸில் திரும்பும்போது யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. உன்னிடமிருந்துதான். நீ போனதிலிருந்து உனக்கு ஒரு வரிகூட எழுதியதில்லை. எழுதி என்ன ஆகப்போகிறது என்று இருந்துவிட்டேன். இன்று எழுதுகிறேன்.

நம் கல்லூரியில் விலங்கியல் கட்டடத்துக்குப் பின்னால் இருந்த எலிக்கூடத்தில்தான் நாம் முதலில் பேசிக்கொண்டோம். இரண்டு பேரும் ஒரே பேராசிரியரிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருந்தோம். அதுவரை நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நீ பொன்மலை. உங்கள் அப்பா ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். நான் ஸ்ரீரங்கம், சித்திரை வீதி. அன்று நான் உமித் தட்டை மாற்றப் போனவள், கூண்டுக்குள் கைவிட முடியாமல் நின்றிருந்தேன். வெள்ளை எலி பின்னங்கால்களில் எழுந்து நின்று, மூக்கைத் துடிக்கவைத்து என்னையே பார்த்தது. நீ வந்து பக்கத்தில் நின்றாய்.

"பயமா, பாவமா?"

"ரெண்டும்."

"பயம் போயிடும். பாவம் போகக் கூடாது. போயிட்டா இந்த வேலைய விட்டுடணும்" என்றாய். கையை உள்ளே விட்டு, உள்ளங்கையில் ஏந்தி எடுத்தாய். வாலைப் பிடித்துத் தூக்குகிறவர்களை நீ அடிக்காத குறைதான்.

நமக்குக் கிடைத்த வேலை, கொசு விரட்டி மருந்துகளின் புகையையும் ஆவியையும் சுவாசித்தால் உடம்புக்கு என்ன ஆகிறது என்று எலிகளிடம் பார்ப்பது. மெஷினில் மாட்டுகிற லிக்விட், கொசுவத்தி, இரண்டும் உண்டு. இதற்கான கண்ணாடிப் பெட்டிகளையும் செலவையும் கொசு விரட்டி தயாரிக்கும் ஒரு கம்பெனி கொடுத்திருந்தது. பேராசிரியருக்கு அதில் பெருமை. வருகிறவர்களுக்கெல்லாம் பெட்டிகளைக் காட்டுவார்.

ஒரு பெட்டி போதும் என்றுதான் முதலில் திட்டம். இரண்டு வேண்டும் என்று நீதான் அடம்பிடித்தாய். ஒன்று முழுக்க மூடியது. இன்னொன்றில் காற்று உள்ளே வந்து வெளியே போக வழி. "எங்க குவார்ட்டர்ஸ்ல சாயங்காலம் ஆறு மணிக்கு ஜன்னல் சாத்துனா காலையிலதான் தெறப்பாங்க. காத்து வந்தா ஒரு மாதிரி, வராட்டி ஒரு மாதிரி இருக்காதா சார்?" என்று கேட்டாய். அவருக்கும் அது நியாயமாகப் பட்டது. வளர்ந்த எலிகளோடு, இன்னும் பால்குடி மறக்காத குட்டிகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று விலங்கு நெறிக் குழுவிடம் அனுமதி வாங்கினோம்.

அறிக்கை எழுதுவதிலும் உனக்கு ஒரு சண்டை. சோதனை முடிந்து எலிகளைக் கொல்வதை ஆங்கிலத்தில் 'சாக்ரிஃபைஸ்' என்றுதான் எல்லோரும் எழுதுவார்கள். வாய்ப்பேச்சிலும் அதே சொல். "பலி என்னடி பலி? எந்தச் சாமி கேட்டுச்சு? கொல்றோம். கொன்னோம்னு எழுது" என்று அறிக்கை முழுக்க அடித்துத் திருத்தினாய். பேராசிரியர் திரும்பவும் பழையபடி மாற்றினார். நீ மறுபடியும் திருத்தினாய். கடைசியில் அவர் அலுத்துப்போய் விட்டுவிட்டார்.

எங்கள் வீட்டில் நான் என்ன செய்கிறேன் என்று தெரிந்த நாளிலிருந்து அம்மா என்னைக் கொல்லைப்புறமாக வரச்சொல்லி, குளித்த பிறகே உள்ளே விட்டாள். அப்பா பேசுவதையே குறைத்துவிட்டார். உனக்கு அதைச் சொன்னபோது நீ சிரிக்கவில்லை. "அம்மாவ நான் பாக்கணும்" என்று அந்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்பி வந்தாய். அம்மா உன்னைக் கூடத்தில் உட்காரவைத்துவிட்டு நேராகவே கேட்டாள்.

"ஏம்மா, அந்தப் பிராணியெல்லாம் என்ன அபசாரம் பண்ணித்து உங்களுக்கு? பெருமாள் பார்த்துண்டுதானே இருக்கார்?"

நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய். "அதுங்க ஒண்ணும் பண்ணலைங்கம்மா. பண்றது நாங்கதான். தப்பே இல்லன்னு உங்ககிட்ட சொல்ல வரல. ஆனா இந்த மருந்து ஊர்ல ஒவ்வொரு வீட்டுலயும் எரியுது. பச்சக் குழந்தைங்க அதத்தான் சுவாசிக்குது. எங்களால முடிஞ்சது, ஒரு உயிரக்கூட வீணாக்காமப் பாக்கறதுதான்."

அம்மா எழுந்து உள்ளே போய் இரண்டு டம்ளர் காபியோடு வந்தாள். என்னைக் கொல்லைப்புறம் அனுப்புவது மட்டும் நிற்கவில்லை. ஆனால் வெந்நீர் போட்டு வைக்க ஆரம்பித்தாள்.

முடிவுகள் வரத் தொடங்கியபோது மழைக்காலம். வளர்ந்த எலிகள் பெரிதாக ஒன்றும் காட்டவில்லை. மூக்கைத் தேய்த்துக்கொண்டன, கொஞ்சம் எச்சில் வடித்தன, பெட்டியை விட்டு எடுத்ததும் தேறிவிட்டன. குட்டிகள் அப்படி இல்லை. மூடிய பெட்டியில் இருந்த குட்டிகள் நடுங்கின. பால் குடிக்கப் போகாமல் ஓரமாகச் சுருண்டு கிடந்தன. அவற்றின் நுரையீரலை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது, காற்றறைச் சுவர்கள் தடித்து, அழற்சி அணுக்கள் மொய்த்திருந்தன. காற்று புகுந்த பெட்டியில் இருந்த குட்டிகளிடம் அது மிகக் குறைவு. மூடிய பெட்டிக் குட்டிகளின் ஈரலிலும் சேதம் என்று குறித்துக்கொண்டோம். நீ முதலில் பார்த்தாய். எழுந்து எனக்கு இடம் விட்டாய். நான் பார்த்து முடிக்கும்வரை உன் கை என் தோளில் இருந்தது.

பேராசிரியரிடம் சொன்னோம். அவர் முகம் மாறியது. அடுத்த வாரம் கம்பெனியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். துறைத்தலைவர் அறையில் எல்லோரும் உட்கார்ந்தோம். வளர்ந்த எலிகளின் முடிவுகளை மட்டும் கட்டுரையாக அனுப்பலாம், குட்டிகளின் முடிவு ஆரம்ப நிலையில் இருக்கிறது, மாதிரியும் சரியில்லை, அதை விட்டுவிடலாம் என்று பேராசிரியர் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

நீ எழுந்தாய். "அப்ப அந்தக் குட்டிங்கள எதுக்கு சார் கொன்னோம்?"

கம்பெனி அதிகாரிதான் பேசினார், மிகவும் மரியாதையாக. "மேடம், உங்க அக்கறை புரியுது. ஆனா மனுஷங்க யாரும் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வாழறதில்லையே?"

"பொன்மலைக்கு வாங்க சார், எங்க வீட்டைக் காட்டறேன். ஒரே ரூம்ல ஆறு பேர் படுத்திருப்போம். ஜன்னல் சாத்தியிருக்கும், உங்க மெஷின் எரியும். அது பெட்டி இல்லாம வேற என்னங்க?"

"கொசு கடிச்சா எத்தனை பேருக்குக் காய்ச்சல் வருதுன்னு தெரியுமா மேடம்?"

"நல்லாத் தெரியும். எங்க வீட்டுலயே வந்திருக்கு. உங்க மருந்த யாரும் தொடாதீங்கன்னு நான் எழுதல. குழந்தை இருக்கற ரூம மூடி வெச்சு எரிக்காதீங்கன்னு எழுதியிருக்கேன். அத டப்பா மேல பெரிய எழுத்துல போடறதுக்கு உங்களுக்கு என்ன கஷ்டம்?"

பேராசிரியர் கட்டுரையை நம் பக்கம் தள்ளி, கையெழுத்துப் போடச் சொன்னார். குட்டிகள் இல்லாத கட்டுரை. உன் பெயர் முதலில் இருந்தது. நீ அதைத் தொடவே இல்லை. "நான் போட மாட்டேன் சார்." என் முறை வந்தது. உன்னைப் பார்த்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை. என் முடிவை நானே எடுக்க வேண்டும் என்று வேண்டுமென்றேதான் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாய். "நானும் போட மாட்டேன்" என்றேன். வெளியே வந்ததும் படிக்கட்டில் உட்கார்ந்து இருவரும் சிரித்தோம். எதற்கென்று தெரியாத சிரிப்பு, அடிவயிறு வலிக்கிற வரைக்கும்.

அதற்கடுத்த நாட்களில் சிரிப்பு இல்லை. நம் இருவருக்கும் இனி வழிகாட்ட முடியாது என்று பேராசிரியர் எழுதிக் கொடுத்துவிட்டார். கண்ணாடிப் பெட்டிகளைக் கம்பெனி வண்டி வந்து எடுத்துப் போனது. அனுமதி வாங்கியதில் மீதமிருந்த எலிகளைக் கொன்று கணக்கை முடிக்கும்படி உத்தரவு வந்தது. அந்தக் காகிதத்தோடு நீ நெறிக் குழுவில் இருந்த கால்நடை மருத்துவர் வீட்டுக்கே போய் நின்றாய். நானும் உடன் வந்தேன். அவர் கறாரான மனிதர், நம்மைப் பலமுறை திட்டியவர்.

"சார், மாதிரி சரியில்லன்னு சொல்றாங்க. சரி, திரும்பச் செஞ்சு பாத்துடுவோம். மிச்சமிருக்கற எலிங்கள சும்மா கொல்லச் சொல்றது மட்டும் எந்த நெறின்னு நீங்களே சொல்லுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "திரும்பச் செஞ்சு, உங்க முடிவு தப்புன்னு வந்தா?"

"அதையும் போடுவோம்."

"எழுத்துல கொடுங்க."

அங்கேயே எழுதிக் கொடுத்தாய். குழு கூடியது. எலிகளைக் கொல்லும் உத்தரவு நின்றது. துறையில் ஓய்வுபெற இருந்த ஓர் ஆசிரியை, தனக்கு இனி இழக்க ஒன்றுமில்லை என்று சொல்லி, நமக்கு வழிகாட்டியாகக் கையெழுத்திட்டார். பெட்டிகளுக்கு உங்கள் அப்பா வழிசெய்தார். விடுமுறை நாட்களில் தன் நண்பர் ஒருவரோடு உட்கார்ந்து, கண்ணாடிக் கடையில் வெட்டி வாங்கிய பலகைகளைச் சட்டத்தில் பொருத்தி, காற்று கசியாமல் ஒன்றும், காற்று வந்துபோக வழிவிட்டு ஒன்றுமாக இரண்டு பெட்டிகள் செய்து கொடுத்தார். ஆட்டோவின் பின்சீட்டில் அவற்றைக் குழந்தைகள் மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தோம்.

இம்முறை இன்னும் கவனமாகச் செய்தாய். எந்த நுரையீரல் எந்தப் பெட்டியிலிருந்து வந்தது என்று தெரியாதபடி ஸ்லைடுகளுக்கு வெறும் எண் மட்டும் போட்டு, மருத்துவக் கல்லூரியில் இருந்த ஒரு நோயியல் டாக்டரிடம் கொடுத்தோம். அவருக்கு நம்மையும் தெரியாது, கம்பெனியையும் தெரியாது. அவர் அறிக்கை வந்த அன்று வாசலிலேயே நின்று பிரித்தோம். நுரையீரல் பற்றி நாம் சொன்னது அப்படியே நின்றது. நடுக்கம் பற்றிச் சொன்னதும் நின்றது. ஆனால் ஈரலிலும் சேதம் என்று முதலில் எழுதியிருந்தோமே, அது நிற்கவில்லை. அப்படி எதுவும் இல்லை என்று அவர் தெளிவாக எழுதியிருந்தார்.

"இதைச் சொன்னா மொத்தத்தையும் தப்புன்னு தூக்கிப் போட்டுடுவாங்கடி" என்றேன்.

"போடட்டும். குட்டிங்கள விட்டுட்டு எழுதச் சொன்னவங்களுக்கும் ஈரல விட்டுட்டு எழுதற நமக்கும் அப்புறம் என்னடி வித்தியாசம்?"

ஈரல் பற்றி நாம் தவறாகச் சொல்லியிருந்தோம் என்று கட்டுரையின் முதல் பக்கத்திலேயே எழுதினாய். மூன்று இதழ்கள் திருப்பி அனுப்பின. நான்காவது ஏற்றுக்கொண்டது, சின்ன இதழ்தான். நீ பயப்படாமல் எழுதிய அந்த ஈரல் வரிகளைப் பார்த்துத்தான் மற்றதை நம்பியதாக அதன் மதிப்பீட்டாளர் குறிப்பிட்டிருந்தார்.

ஊர் ஒன்றும் புரண்டுவிடவில்லை. மெஷின்கள் எரிந்தன, விளம்பரத்தில் குழந்தைகள் நிம்மதியாகத் தூங்கின. நீ துறையூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆசிரியையாகச் சேர்ந்தாய். அங்கிருந்த கிராமங்களில், மகளிர் குழுக் கூட்டம் என்றால் அழையாமலே போய் நிற்பாய். ஒருமுறை உன்னோடு வந்தேன். ஒரு பெண் எழுந்து, "அப்ப கொசு கடிச்சே சாகணுங்கறீங்களா டீச்சர்?" என்று கேட்டாள். நீ கோபப்படவில்லை. "கொசுவ விடச் சொல்லலக்கா, காத்த விடச் சொல்றேன். வலை கட்டுங்க, தேங்கற தண்ணியக் கொட்டுங்க. அதுக்கும் மேல வேணும்னா ஜன்னலக் கொஞ்சம் தெறந்து வெச்சு எரிங்க" என்றாய். ஸ்ரீரங்கத்தில் எங்கள் அம்மா தன் வீட்டு மெஷினைக் குப்பையில் போட்டுவிட்டுத் தெருவில் எல்லோருக்கும் உன் கட்டுரையைப் பற்றிப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தாள். பாதி தப்பாகத்தான் சொல்வாள். ஆனால் ஜன்னல் விஷயத்தைச் சரியாகச் சொல்வாள்.

பிறகு உனக்கு மார்பில் கட்டி வந்தது. கண்டுபிடிக்கும்போதே முற்றிப் போயிருந்தது.

தில்லை நகரில் இருந்த அந்த ஆஸ்பத்திரி அறையில் ஒருநாள் உன் அத்தை உன் காலடியில் உட்கார்ந்து அழுதார். அழுதுகொண்டே, "எத்தன வாயில்லா ஜீவனக் கொன்ன, அதுங்க சாபந்தான் கண்ணு இது. சமயபுரத்துக்கு வேண்டிக்கிட்டு வந்துருக்கேன்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நீ தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்தாய். முடி எல்லாம் உதிர்ந்து, கண்கள் மட்டும் பழையபடி.

"வேண்டிக்கங்க அத்தை, அது உங்க இஷ்டம். ஆனா அதுங்க சாபம் விடுதுன்னு சொல்லாதீங்க. இந்தப் பாட்டில்ல ஏறுதே, இந்த மருந்தையும் முதல்ல ஏதோ ஒரு எலிக்குத்தான் போட்டுப் பாத்திருப்பாங்க. அது செத்ததாலதான் எனக்கு எவ்வளவு போடலாம்னு இந்த டாக்டருக்குத் தெரியுது. நான் அதுங்களுக்குக் கடன்பட்டிருக்கேன். அதுங்க எனக்கு ஒண்ணும் பண்ணல."

அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டு போனார். நீ என் பக்கம் திரும்பி, "என்னால முடியலடி, கொஞ்சம் படுக்க வை" என்றாய். அப்போதுதான் அந்தப் பேச்சுக்கு நீ எவ்வளவு செலவழித்திருக்கிறாய் என்று தெரிந்தது. உன் முதுகை என் கையில் தாங்கிப் படுக்கவைத்தேன். எலும்பு எலும்பாகக் கையில் தட்டியது. உன் வலியைப் பற்றி நீ என்னிடம் பேசியது அந்த ஒரு தடவைதான்.

காரியத்தன்று நம் பழைய பேராசிரியர் வந்திருந்தார். நான் எதிர்பார்க்கவில்லை. மூலையில் நின்று, "நல்ல பொண்ணு. கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போயிருந்தா எங்கயோ இருந்திருக்கும்" என்றார் யாரிடமோ. நான் அவர் எதிரில் போய் நின்றேன். "அவ எங்க இருந்தாளோ அங்க அவளேதான் போய் நின்னா சார். அவள யாரும் அங்க தள்ளல" என்றேன். அவர் சாப்பிடாமல் போனார். உன் அப்பா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் வந்து, என் இலையில் தன் கையால் பாயசம் ஊற்றினார்.

இப்போது நான் நம் கல்லூரியின் நெறிக் குழுவில் இருக்கிறேன். எலி இல்லாமலே, வளர்த்த செல்களை வைத்தே பார்க்க முடிகிற சோதனைகள் இப்போது வந்துவிட்டன. அதனால் பாதி விண்ணப்பங்களை, இதற்கு எலி எதற்கு என்று திருப்பி அனுப்பிவிடுகிறேன். என் பேரைக் கேட்டாலே சலித்துக்கொள்கிறார்கள்.

போன மாதம் ஒரு விண்ணப்பம் வந்தது. மூலிகைக் கொசு விரட்டி என்று புதிதாக ஒன்று. வேறொரு கம்பெனி, வேறொரு பேராசிரியர். குட்டி எலிகள் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். காரணம் சரியாகத்தான் இருந்தது, எண்ணிக்கையும் குறைவுதான். ஆனால் ஒப்பந்தத்தின் கடைசியில், முடிவுகளை வெளியிடுவது கம்பெனியின் சம்மதத்துக்கு உட்பட்டது என்று ஒரு வரி. மற்றவர்கள் எல்லோரும் கையெழுத்திட்டிருந்தார்கள்.

"இந்த வரி இருக்கற வரைக்கும் நான் போட மாட்டேன் சார்" என்றேன்.

குழுத் தலைவர் பேனாவை மேஜையில் வைத்தார். "ஒங்க ஒரு கையெழுத்துக்காக மொத்தமும் நிக்குதுங்க மேடம். அவங்க வேற ஊருக்கு எடுத்துட்டுப் போயிடுவாங்க."

"போகட்டும் சார். ஏன் போகுதுன்னு நான் எழுதி வெச்சுடறேன். அடுத்த ஊர்ல இருக்கறவங்க அதைப் படிக்கட்டும்."

எழுதினேன். என் பெயரைப் போட்டு, கொல்வது என்ற சொல்லையும் போட்டு, ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். கம்பெனி இன்னும் பதில் சொல்லவில்லை. வரியை எடுப்பார்களா, வேறு ஊருக்குப் போவார்களா, தெரியாது.

கூட்டம் முடிந்து எலிக்கூடத்துக்குப் போனேன். ஒரு தாய் எலி அன்று காலைதான் ஈன்றிருந்தது. குட்டிகள் ரோஸ் நிறத்தில், கண் திறக்காமல், ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. தாய் என்னைப் பார்த்ததும் ஒவ்வொன்றாக வாயில் கவ்வி, கூண்டின் அந்தக் கோடிக்குக் கொண்டுபோனது. கடைசிக் குட்டியையும் எடுத்துப் போகும்வரை அசையாமல் நின்றிருந்தேன். பிறகு தண்ணீர் பாட்டிலை நிரப்பிவைத்துவிட்டு வெளியே வந்தேன்.

அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கடிதம் வந்திருக்கிறது. உடல்நிலை காரணமாக வர இயலாது என்று நான் எழுதிக் கொடுத்தால் எல்லோருக்கும் வசதி என்று தலைவர் ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார்.

என் உடம்புக்கு ஒன்றுமில்லை, முன்னதாகவே வந்துவிடுகிறேன் என்று சொல்லியனுப்பியிருக்கிறேன்.